லினக்ஸில் வைஃபை வரவில்லையா? பழி யார் மேல்?

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் கிள்ளானில் உள்ள அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலணியைக் கழற்றுவதற்குள் படிவம் நான்கு படிக்கும் அக்காள் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "மாமா, எல்லாம் வேலை செய்யுது. வைஃபை மட்டும் வரல."

அது அவளுடைய அண்ணன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பயன்படுத்திய கணினி. வயது பத்து இருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. தனியாக விண்ணப்பித்தால் வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும்; அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. ஏறக்குறைய 2017க்கு முன் வந்த இன்டெல் செயலிகளுக்கு அதன் பட்டியலில் இடமில்லை. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது, ஆனாலும் கணினி "காலாவதி" ஆகிவிட்டது.

பள்ளித்தோழி ஒருத்தி லினக்ஸ் மின்ட் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இவளும் அதைப் பதிவிறக்கி, பென்டிரைவில் ஏற்றி, யார் உதவியும் இல்லாமல் நிறுவிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ஆனால் வலது மூலையில் இருக்க வேண்டிய வைஃபை குறியைக் காணோம். அத்தான் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "ஓசியில கிடைக்கிறது ஓசி மாதிரிதான் இருக்கும்."

அத்தானின் தீர்ப்பு தவறு என்பதே என் கருத்து. ஆனால் ஏன் தவறு என்பதைச் சொல்ல, அந்தக் கணினிக்குள் இருக்கும் கட்டைவிரல் அளவு அட்டை ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. அவள் நிறுவியதும் விசைப்பலகை எப்படி உடனே வேலை செய்தது? யூஎஸ்பி விசைப்பலகையும் சுட்டியும் கணினியோடு எப்படிப் பேச வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி இருக்கிறது. எந்த நிறுவனம் செய்திருந்தாலும் அவை அதே மொழியைத்தான் பேசும். ஆகவே ஒரே ஓர் இயக்கி நிரல் உலகத்திலுள்ள பெரும்பாலான விசைப்பலகைகளுக்குப் போதும். பென்டிரைவும் இப்படித்தான்.

வைஃபைக்கும் விதி உண்டு. 1997இல் முதலில் வெளிவந்த 802.11 என்ற தரநிலையும் அதன் பின்வந்த பதிப்புகளும்தான் அவை. ஆனால் கவனியுங்கள், அந்த விதி காற்றில் நடக்கும் பேச்சுக்கு மட்டுமே. உங்கள் கணினியின் அலைவரிசையும் வீட்டு ரவுட்டரின் அலைவரிசையும் எப்படி ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும் என்று அது வரையறுக்கிறது. கணினிக்கும் அதன் உள்ளே செருகியிருக்கும் வைஃபை அட்டைக்கும் நடுவே என்ன மொழி என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அதை ஒவ்வொரு சில்லு நிறுவனமும் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் இரண்டு சில்லுகள்கூட வேறு வேறு மொழி பேசக்கூடும். அந்த மொழியை விளக்கும் ஆவணத்தை நிறுவனம் வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் இயக்கி எழுதலாம். வெளியிடாவிட்டால்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வைஃபை சில்லு வெறும் வானொலிக் கருவி இல்லை. அதற்குள் சொந்தமாக ஒரு சிறு செயலியும் கொஞ்சம் நினைவகமும் இருக்கின்றன. அதாவது, உங்கள் கணினிக்குள் ஒரு குட்டிக் கணினி. அந்தக் குட்டிக் கணினிக்கும் மென்பொருள் தேவை. அதை ஃபர்ம்வேர் என்பார்கள், தமிழில் நிலைபொருள். செலவைக் குறைப்பதற்காக, பல சில்லுகளில் இந்த நிலைபொருளை நிரந்தரமாகச் சேமிக்கும் இடம் வைப்பதில்லை. மின்சாரம் போனால் எல்லாம் மறந்துவிடும்.

ஒவ்வொரு நாள் காலையும் தன் வேலை என்ன என்பதையே மறந்துவிட்டு அலுவலகத்துக்கு வரும் ஊழியரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் யாராவது குறிப்பேட்டைக் கையில் கொடுத்தால் நாள் முழுக்கச் சுறுசுறுப்பாக உழைப்பார். கொடுக்காவிட்டால் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். கணினி ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் இயக்கி அந்தக் குறிப்பேட்டை எடுத்துச் சில்லுக்குள் ஏற்றுகிறது. விண்டோஸிலும் இதேதான் நடக்கிறது. அங்கே குறிப்பேடு இயக்கியோடு சேர்ந்தே வந்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. லினக்ஸிலோ குறிப்பேடு தனிக் கோப்பு. அதை எழுதிய நிறுவனம், "இதை மற்றவர்கள் பகிரலாம்" என்று அனுமதி கொடுத்திருந்தால்தான் லினக்ஸ் தொகுப்பில் சேர்க்க முடியும். அனுமதி இல்லாமல் சேர்த்தால் அது பதிப்புரிமை மீறல்.

அக்காள் மகளின் கணினியில் நடந்தது இதைப் போன்ற ஒன்றுதான். அதில் இருந்த சில்லை எந்த நிறுவனம் செய்தது என்பது இங்கே முக்கியமில்லை. அவளும் தவறு செய்யவில்லை, லினக்ஸ் எழுதியவர்களும் செய்யவில்லை.

இது எவ்வளவு பழைய சண்டை என்பதை உங்கள் தலைமுறை அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2000களின் நடுப்பகுதியில் எண்ணற்ற மடிக்கணினிகளில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகள் இருந்தன. மடிக்கணினிகளில் அவற்றை இயக்கத் திறந்தநிலை லினக்ஸ் இயக்கியை அந்நிறுவனம் தரவில்லை, ஆவணங்களையும் தரவில்லை. சிலர் விண்டோஸ் இயக்கியையே ஒருவகை மொழிபெயர்ப்பு உறைக்குள் வைத்து லினக்ஸில் ஓட்டிப் பார்த்தார்கள். சில நாள் ஓடும், சில நாள் கணினியையே உறைய வைத்துவிடும்.

2005 வாக்கில் தன்னார்வ நிரலாளர்கள் சிலர் வேறு வழியில் இறங்கினார்கள். அவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்துகொண்டார்கள். முதல் அணி, நிறுவனத்தின் இயக்கியைப் பிரித்து, அது சில்லுக்கு என்ன கட்டளைகளை எந்த வரிசையில் அனுப்புகிறது என்று ஆராய்ந்து, கண்டதை எளிய மொழியில் ஆவணமாக எழுதியது. இரண்டாவது அணி நிறுவனத்தின் நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அந்த ஆவணத்தை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? பார்த்தவரே எழுதினால் "எங்கள் நிரலை நகலெடுத்துவிட்டார்" என்று வழக்குப் போட இடமிருக்கிறது. பார்க்காதவர் எழுதினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உழைப்பில் பாதி அறிவியல், பாதி சட்டம். அந்த இயக்கி 2006 ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 2.6.17 பதிப்பில் சேர்ந்தது.

இத்தனை பாடுபட்டும் கதை முடியவில்லை. இயக்கி கிடைத்துவிட்டது, குறிப்பேடு கிடைக்கவில்லை. நிலைபொருளைப் பகிர நிறுவனத்தின் அனுமதி இல்லை. ஆகவே பயனரே நிறுவனத்தின் பழைய இயக்கிக் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கி, அதிலிருந்து நிலைபொருளை மட்டும் வெட்டியெடுக்கும் சிறு கருவியை ஓட்ட வேண்டும். பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே! நானும் அந்தக் காலத்தில் இணைய மையத்துக்கு நடந்துபோய், கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, தவறான பதிப்பு என்று தெரிந்து மறுபடியும் நடந்தவன்தான். இத்தாலியின் பிரேசியா பல்கலைக்கழகத்தில் சிலர் பொறுமையின் எல்லைக்கே போய், குறிப்பிட்ட சில பழைய சில்லுகளுக்கு நிலைபொருளையே சொந்தமாக எழுதினார்கள்.

2010 செப்டம்பரில் பிராட்காம் மனம் மாறியது. அப்போதைய புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூலநிரலுடன் இயக்கியை வெளியிட்டது. எல்லாச் சில்லுகளுக்கும் இல்லை. 2013 தொடங்கிச் சில ஆண்டுகள் ஆப்பிள் மேக்புக்குகளில் வந்த பிசிஎம் 4360 என்ற சில்லுக்கு இன்றும் மூடிய இயக்கி ஒன்றைத் தனியாக நிறுவித்தான் ஆக வேண்டும். யாராவது பழைய மேக்புக்கை உங்களுக்குத் தந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வைஃபை என்பது வானொலி. எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றலோடு ஒலிபரப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. நம் நாட்டில் அதை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் கவனிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெரிக்காவில் வழக்கமாக 11 தடங்கள் மட்டுமே, பல நாடுகளில் 13. ஐந்து கிகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதியை வானிலை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் குரல் கேட்டால் வைஃபை விலகிக்கொள்ள வேண்டும். "மூலநிரலைத் திறந்துவிட்டால் ஆளாளுக்கு மாற்றி, விதியை மீறுவார்கள்" என்பது நிறுவனங்களின் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதேபோல் வைஃபை சில்லு செய்துவந்த இன்னொரு நிறுவனம் இதைப் பொய்யாக்கிக் காட்டியது. அத்தெரோஸ் நிறுவனம் 2008இல் ஏடிஎச்9கே என்ற இயக்கியைத் திறந்த மூலநிரலாகவே வெளியிட்டது. கணினிக்குள் பொருத்தும் அந்த வரிசை அட்டைகளுக்கு நிலைபொருள் கோப்பே தேவையில்லை. அதே குடும்பத்தின் யூஎஸ்பி சில்லுக்கு நிலைபொருளின் மூலநிரலும் 2013இல் வெளியானது. வானம் இடிந்து விழவில்லை, ரேடார்களும் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு நாட்டின் அலைவரிசை விதிகளையும் பட்டியலிட்டு வைத்திருக்கும் தரவுத்தொகுப்பு ஒன்று லினக்ஸிலேயே இருக்கிறது. இயக்கிகள் அதைப் பார்த்தே நடந்துகொள்கின்றன. ஆக, முடியாது என்பதைவிட மனமில்லை என்பதே பொருத்தம்.

மூடி வைப்பதால் பாதுகாப்பு கூடுகிறதா என்றால் அதுவும் இல்லை. 2017இல் பிராட்காம் வைஃபை சில்லுகளின் நிலைபொருளில் ஓர் ஓட்டை இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அதற்குப் பிராட்ப்வன் என்று பெயர். கைப்பேசியின் உரிமையாளர் எதையும் தொடாமலே, அருகிலிருக்கும் ஒருவர் வைஃபை வழியாக அந்தக் குட்டிக் கணினிக்குள் நுழைந்துவிடலாம். கூகுளும் ஆப்பிளும் அந்த ஆண்டு ஜூலையில் அவசரமாகத் திருத்தங்களை அனுப்பின. அதுவரை அந்தச் சில்லு இருந்த எத்தனையோ கைப்பேசிகள் சட்டைப்பையில் திறந்த கதவோடு நடமாடிக்கொண்டிருந்தன.

அப்படியானால் லினக்ஸ் தொகுப்புகள் மூடிய நிலைபொருளைத் தொடவே கூடாதா? இதில்தான் திறந்த மூல அன்பர்களில் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு, கட்டற்ற மென்பொருளை மட்டுமே தன் அதிகாரபூர்வத் தொகுப்பில் வைப்போம் என்று பல ஆண்டுகள் உறுதியாக நின்றது. நிலைபொருளோடு கூடிய நிறுவல் கோப்பு தனியாக ஒரு மூலையில் கிடைக்கும். தேடத் தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும். கொள்கை தூய்மையாக இருந்தது. முதன்முறை வருகிற மாணவர் வைஃபை இல்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் சமூக ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். பகிர அனுமதியுள்ள நிலைபொருள்களை இனி நிறுவல் கோப்பிலேயே சேர்ப்போம் என்று முடிவாயிற்று. 2023 ஜூன் 10ஆம் தேதி வெளிவந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. இது சரணாகதி என்று சிலர் வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன்; அவர்கள் பிடிவாதம் இல்லாதிருந்தால் எந்த நிறுவனமும் எதையும் திறந்திருக்காது. இருந்தாலும் டெபியன் செய்தது சரி என்றே சொல்வேன். அந்த மூடிய நிரல் ஏற்கெனவே உங்கள் கணினிக்காக எழுதப்பட்டது, விண்டோஸில் நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸில் மட்டும் அதை மறுப்பதால் நிறுவனத்துக்கு ஒரு காசு நட்டமில்லை. நட்டம் முழுவதும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு. வேறு கணினி வாங்க வசதியில்லாத வீட்டில் அந்தப் பிள்ளையின் கணினி பரணுக்குப் போய்விடும்.

நிறுவனங்களிடம் நான் கேட்பதும் பெரிதாக இல்லை. மூலநிரலைத் திறக்க மனமில்லையா, சரி. பகிரும் அனுமதியையாவது கொடுங்கள். இன்டெல் அப்படித்தான் செய்கிறது: நிலைபொருளை மாற்றக்கூடாது, பிரித்துப் பார்க்கக்கூடாது, ஆனால் யாரும் பகிரலாம். அதனால்தான் இன்டெல் வைஃபை அட்டையுள்ள கணினிகளில் பெரும்பாலும் நிறுவிய மறுநொடியே வைஃபை வந்துவிடுகிறது.

கணினிக் கடைகளிடமும் ஒரு கோரிக்கை. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேளுங்கள்: செயலி என்ன, நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று அட்டையில் எழுதியிருக்கும். வைஃபை சில்லு என்ன என்று மட்டும் இருக்காது. யூஎஸ்பி வைஃபை கருவிகளில் இது இன்னும் மோசம். வெளியே பெயரும் படமும் ஒன்றாகவே இருக்கும். இரண்டாம் பதிப்பு என்று பொடி எழுத்தில் போட்டு உள்ளே வேறு நிறுவனச் சில்லை வைத்திருப்பார்கள். தோழிக்கு வேலை செய்தது என்று அதையே வாங்கிவந்தால் உங்களுக்கு வேலை செய்யாமல் போகலாம். அரிசிப் பொட்டலத்தில்கூட எந்த நாட்டு அரிசி என்று போட்டிருக்கிறது. இதில் சில்லின் பெயரைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மாணவர்களே, மாற நினைப்பவர்கள் அவசரப்பட்டு விண்டோஸை அழித்துவிடாதீர்கள். லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். வைஃபை வரவில்லையென்றால் முனையத்தைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் உள்ளிருக்கும் அட்டைகளின் பட்டியல் வரும். அதில் நெட்வொர்க் என்ற சொல் உள்ள வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் நோயின் பெயர். மருந்து தேடுவது அதன்பின் எளிது. சில வேளை நோயே இருக்காது, பக்கவாட்டில் இருக்கும் வைஃபை பொத்தானை யாராவது அணைத்திருப்பார்கள். நானே ஒருமுறை அரை நாள் போராடிவிட்டு அதைக் கண்டுபிடித்தேன். அந்தக் கதையை அத்தானிடம் சொல்லவில்லை.

பெட்டிக்குள் சாவி இருக்கும் சிக்கலுக்கும் இப்போது வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு சேர்த்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கைப்பேசியின் இணையம் கம்பி வழியே கணினிக்கு வந்துவிடும். லினக்ஸ் இதைப் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆண்ட்ராய்டுக்குள் இருப்பதும் லினக்ஸ் கருநிரல்தான் என்பது வேறு விஷயம்.

அன்று கிள்ளானிலும் இதைத்தான் செய்தோம். அக்காளின் கைப்பேசியைச் சமையலறையிலிருந்து கடன் வாங்கி, கம்பியை மாட்டினோம். மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்றொரு பகுதி உண்டு. அது சில்லை அடையாளம் கண்டு, தேவையான இயக்கியைப் பரிந்துரைத்து, பதிவிறக்கி நிறுவியது. மறுபடி இயக்கியதும் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள்வரை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தான் எழுந்துவந்து திரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அவள்தான் கேட்டாள்: "மாமா, இப்ப இறக்கினோமே, அந்தக் கோப்புக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு நாம பார்க்கலாமா?" திறந்து காட்டினேன். புரியாத எழுத்துகள் திரை நிறைய ஓடின. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் தொலைபேசியில் பேசினோம். அந்தப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு மூன்று தோழிகளின் வீட்டுக்குப் போய்ச் சோதித்துவிட்டாளாம். இரண்டு கணினிகளில் வைஃபை உடனே வந்திருக்கிறது. மூன்றாவதில் வரவில்லை. விண்டோஸை இப்போதைக்கு அழிக்காதே என்று தோழியிடம் சொல்லிவிட்டு, சில்லின் பெயரை எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.